அரையாண்டு விடுமுறையில் மளிகைப் பை, கூடவே பிள்ளைகள் செய்யும் நட்சத்திரம்: எதை, எவ்வளவு, எப்படி

கேள்வி இது: "எங்கள் குடியிருப்பில் 40 வீடுகள், 20 பிள்ளைகள். டிசம்பர் விடுமுறையில் பக்கத்துத் தெருக்களில் சாப்பாட்டுக்குச் சிரமப்படும் 20 குடும்பங்களுக்கு மளிகை கொடுக்க நினைக்கிறோம். பிள்ளைகளும் தங்கள் கையால் ஏதாவது செய்து சேர்த்துக் கொடுக்கட்டும் என்று ஆசை. என்ன கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?"

காலத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். நம் ஊரில் பசியும் பள்ளி விடுமுறையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு, 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவு என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் வயிற்றைப் பள்ளிக்கூடம் ஓரளவு பார்த்துக்கொள்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அங்கே இரண்டு வேளை சாப்பிடுகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு வேளை. அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி மூடினால் இந்த இரண்டு பிள்ளைகளும் உள்ள வீட்டில் நாளுக்கு மூன்று சாப்பாடு கூடுதலாகப் போட வேண்டும். விடுமுறையில் ஏழு வேலைநாள் என்று வைத்தால் 21 சாப்பாடு, ஏறத்தாழ 14 முட்டை. அதே நேரத்தில்தான் மழையால் கொத்தனார், சித்தாள், பெயின்டர் வேலைகள் நிற்கும். புயல் எச்சரிக்கை வந்தால் படகும் கரையேறிவிடும். கூலி குறையும் வாரத்தில் செலவு கூடுகிறது. உங்கள் பை அடைக்க வேண்டிய ஓட்டை இதுதான். இதைப் பிடித்துக்கொண்டால் எதை வாங்குவது, எப்போது கொடுப்பது என்பதெல்லாம் தானாக முடிவாகும். தேர்வின் கடைசி நாளுக்கு முந்தைய மாலையே பை வீடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் கழித்து "புத்தாண்டு நிகழ்ச்சி" வைத்துக் கொடுத்தால் பாதி விடுமுறை கரைந்திருக்கும்.

யாருக்குக் கொடுப்பது என்பதை நீங்கள் தெருவில் நின்று முடிவு செய்யாதீர்கள். பக்கத்து அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர், சத்துணவு அமைப்பாளர், அங்கன்வாடி அக்கா ஆகிய மூவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். எந்தப் பிள்ளை திங்கட்கிழமை மதியம் இரண்டாம் முறை சோறு கேட்கிறது என்பது அமைப்பாளருக்குத் தெரியும். மூன்று பேர் சொல்லும் பெயர்களில் இரண்டு பட்டியலிலாவது வருபவர்களை முதலில் எடுங்கள். பட்டியல் அவர்களிடமே இருக்கட்டும். உங்களுக்குத் தேவை எண்ணிக்கையும் நான்கு விவரங்களும் மட்டும்: வீட்டில் எத்தனை பேர், ரேஷன் அட்டை உண்டா, கேஸ் அடுப்பா விறகா, கைக்குழந்தையோ தனியாக இருக்கும் முதியவரோ உண்டா. வகுப்பில் பிள்ளைகளை எழுப்பி "யாருக்கு வேணும், கை தூக்குங்க" என்று கேட்க யாரையும் விடாதீர்கள். உண்மையிலேயே பசித்த பிள்ளை கையைத் தூக்காது.

இனி பை. பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, 10 கிலோ அரிசி மூட்டை வாங்குவது. அரிசி அட்டை உள்ள வீட்டுக்கு 2011 முதலே விலையில்லா அரிசி கிடைக்கிறது. மாதக் கடைசியில் பானையில் அரிசி இருக்கும்; அதன் மேல் ஊற்றத்தான் ஒன்றும் இருக்காது. ரேஷனில் 1 கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும் 1 லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைத்தாலும், நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பருப்பு ஒரு வாரச் சாம்பாருக்குத்தான் வரும். ஆகவே பணத்தைப் பருப்பு, எண்ணெய், முட்டை, காலை டிபன் இவற்றில் போடுங்கள்.

பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் உள்ள வீட்டுக்குப் பத்து நாள் கணக்கு இது. துவரம் பருப்பு ஒன்றரை கிலோ (நாளுக்கு 150 கிராம்). பாசிப்பருப்பு அரைக் கிலோ. ரவை 1 கிலோ. ஒரு வேளைக்கு 250 கிராம் போட்டு உப்புமா கிண்டினால் நான்கு பேர் சாப்பிடலாம். கெட்டி அவல் 1 கிலோ. கறுப்புக் கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, வேர்க்கடலை தலா அரைக் கிலோ. எண்ணெய் 1 லிட்டர். புளி 250 கிராம், சாம்பார் பொடி 200 கிராம், உப்பு 1 கிலோ, வெல்லம் அரைக் கிலோ, டீத்தூள் 100 கிராம். வெங்காயமும் உருளைக்கிழங்கும் இரண்டிரண்டு கிலோ. முட்டை 20, பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒன்று. ரேஷன் அட்டை இல்லாத வீடு என்றால் மட்டும் 12 கிலோ புழுங்கலரிசி சேருங்கள். சில்லறைக் கடையில் இதெல்லாம் அரிசி நீங்கலாக ஏறத்தாழ 1,200 முதல் 1,500 ரூபாய்க்குள் முடியும். மொத்தச் சரக்குக் கடையில் 20 பைக்குச் சேர்த்து வாங்கினால் இன்னும் குறையும்.

டீத்தூளைப் பார்த்து "இது அவசியமா?" என்று யாராவது கேட்பார்கள். அவசியம். காலையில் வேலைக்குப் போகிற ஆளுக்கு முதலில் வயிற்றில் இறங்குவது அதுதான். அதைத் தள்ளிவிட்டுச் சத்தை மட்டும் கணக்குப் பார்த்துக் கட்டிய பை வீட்டுக்கு ஒட்டாது. அவலும் பொட்டுக்கடலையும் இருப்பதற்குக் காரணம் வேறு. சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வாங்கக் காசில்லாத வீடுகள் உண்டு. அவல் பத்து நிமிடம் ஊறினால் வெல்லம் போட்டுச் சாப்பிடலாம். பொட்டுக்கடலைக்கு அடுப்பே வேண்டாம். கொண்டைக்கடலை அப்படியல்ல, ஊறவைத்தாலும் குக்கர் கேட்கும். விறகடுப்பு வீடு என்று தெரிந்தால் அதை எடுத்துவிட்டு ரவையைக் கூட்டுங்கள். இட்லி அரிசி, உளுந்து கொடுக்க ஆசை வரும். கிரைண்டர் இல்லாத வீட்டில் அது அப்படியே கிடக்கும்.

கட்டும்போது கெடுவது எங்கே என்றால், மழைக்கால ஈரத்தில் ரவையில் வண்டு விழும். வாங்கிய அன்றே கனமான வாணலியில் வறுத்து, நன்றாக ஆறவைத்துப் பொட்டலம் போடுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். சோப்பும் துணி பவுடரும் கொடுப்பது நல்லதுதான், ஆனால் தனிப் பையில். ஒரே பையில் இரண்டு நாள் கிடந்தால் ரவையிலும் டீத்தூளிலும் சோப்பு வாசனை ஏறும்; அந்த உப்புமாவைப் பிள்ளை வாயில் வைக்காது. எண்ணெய்ப் பாக்கெட்டை இன்னொரு கவரில் போட்டு முடிச்சிட்டு நிமிர்த்தி வையுங்கள். முட்டையைக் கழுவாதீர்கள்; கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்ச் சீக்கிரம் கெடும். துடைத்து, அட்டைத் தட்டிலேயே கொடுத்தால் வெளியில் வைத்தே பத்து நாள் தாங்கும். வெங்காயம் வலைப்பையில்தான் போக வேண்டும்.

அரிசி, முட்டை நீங்கலாக மொத்தம் பன்னிரண்டரை கிலோ வரும். ஒரு துணிப்பையில் அடைத்தால் கைப்பிடித் தையல் விடும். இரண்டு பைகளாகப் பிரியுங்கள்.

எல்லா வீட்டுக்கும் ஒரே பை பொருந்தாது. கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் குடும்பங்களுக்குச் சாம்பார் பொடியும் புளியும் பயன்படாது. கோதுமை மாவு 5 கிலோ, மசூர் பருப்பு, கடுகெண்ணெய், உருளைக்கிழங்கு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் என்று மாற்றுங்கள். அவர்களுடைய சொந்த மாநிலத்து அட்டை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதாக இருந்தால், ஆதார் கைரேகை வைத்து இங்குள்ள ரேஷன் கடையிலேயே தானியம் வாங்கலாம். தமிழ்நாட்டில் இது 2020 அக்டோபரிலிருந்து நடக்கிறது. பலருக்குத் தெரியாது. மேஸ்திரி வழியாகச் சொல்லாமல் நேரடியாகச் சொல்லுங்கள். தனியாக இருக்கும் முதியவருக்கு வேர்க்கடலை மெல்ல முடியாது; அதற்குப் பதில் பாசிப்பருப்பும் கேழ்வரகு மாவும் கொடுங்கள். கைரேகை விழாமல் ரேஷன் கடையில் திரும்பி வந்த பாட்டி, தாத்தா யாராவது இருந்தால், தமக்குப் பதிலாக வாங்க இன்னொருவரைப் பதிவு செய்யும் படிவத்தைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுங்கள். 2025இல் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வருகிறது. அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஒரு நாள் இ-சேவை மையத்தில் உடன் நின்று ரேஷன் அட்டைக்கு விண்ணப்பித்துக் கொடுத்தால் அது பத்து மளிகைப் பைக்குச் சமம்.

கைக்குழந்தை உள்ள வீடு என்றதும் பால்பவுடர் டின் வாங்க ஓடாதீர்கள். குழந்தைக்கான பால்பவுடரை இப்படி வினியோகிப்பதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, காரணத்தோடுதான். டின் தீர்ந்ததும் தண்ணீர் கூட்டிக் கரைப்பார்கள். அதற்குள் தாய்ப்பாலும் வற்றியிருக்கும். பாலூட்டும் தாய்க்கு முட்டையும் வேர்க்கடலையும் கூடக் கொடுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைக்குப் புஜத்தின் நடுச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தாலோ, இரண்டு பாதமும் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தாலோ, அது மளிகைப் பையால் தீரும் பசி இல்லை. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

இப்போது பிள்ளைகள் வேலை. வாழ்த்து அட்டை வரைந்து "ஏழைக் குழந்தைகளுக்கு அன்புடன்" என்று எழுத வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். வேண்டாம். அதைப் பிரித்துப் பார்க்கும் பத்து வயதுப் பிள்ளையின் முகத்தை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு இரண்டு வேலை கொடுங்கள்: பையில் அச்சுப் போடுவது, நட்சத்திரம் செய்வதற்கான பொட்டலம் கட்டுவது. செய்து முடித்த நட்சத்திரத்தைக் கொடுப்பதைவிடச் செய்வதற்கு வேண்டியதைக் கொடுப்பது மேல். பத்து நாள் வீட்டில் அடைந்து கிடக்கும் பிள்ளைக்கும் ஒரு பிற்பகல் முழுக்க வேலை கிடைக்கும், தான் செய்ததை வாசலில் தொங்கவிடும் பெருமையும் கிடைக்கும்.

அச்சுக்கு முற்றிய வெண்டைக்காய் போதும். காய்கறிக் கடையில் ஒடிக்காமலே முற்றல் என்று ஒதுக்கியதைக் கேளுங்கள், சும்மா கொடுப்பார்கள்; சாப்பிடும் காயை வீணாக்கவும் வேண்டாம். காம்புக்குக் கீழே தடித்த இடத்தில் குறுக்கே நறுக்கினால் ஐந்து இதழ் நட்சத்திரம் தயாராக இருக்கும். நறுக்கியதும் அச்சு வைத்தால் அதன் வழவழப்பு சாயத்தில் கலந்து உருவம் மங்கும். முகத்தைச் செய்தித்தாள் மேல் கவிழ்த்து அரை மணி நேரம் உலரவிடுங்கள். துணிச் சாயத்தைக் கிண்ணத்தில் முக்கக் கூடாது. மூடி ஒன்றில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சை வைத்து, அதன் மேல் இரண்டு ஸ்பூன் சாயம் பரப்பி, அதில் ஒற்றி எடுத்து அச்சு வைத்தால் இதழ் இதழாகத் தெரியும்.

மஞ்சப்பை புதிதாக இருந்தால் கஞ்சி ஏறியிருக்கும். அதன் மேல் வைத்த அச்சு முதல் சலவையிலேயே உரியும். அலசிக் காயவைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் காய இரண்டு நாள் ஆகும், அதையும் கணக்கில் வையுங்கள். அச்சு வைக்கும்போது பைக்குள் அட்டை ஒன்றைச் செருகாவிட்டால் சாயம் பின்பக்கம் இறங்கிவிடும். ஒரு நாள் கழித்து உள்பக்கத்தைத் திருப்பி இஸ்திரி போட்டால் நிற்கும். குடியிருப்பின் பெயர், "நன்கொடை" என்ற சொல் எதுவும் பையில் வேண்டாம். நட்சத்திரம் மட்டும் உள்ள பையை அந்த அம்மா பொங்கலுக்கும் சந்தைக்கு எடுத்துப் போவார். பெயர் போட்ட பை, தெருவில் தூக்கிச் செல்பவரை ஊருக்குக் காட்டிக்கொடுக்கும்.

நட்சத்திரப் பொட்டலம் ஒன்றுக்கு வேண்டியவை: 30 சென்டிமீட்டரில் ஒரே நீளமாக வெட்டிய 10 தென்னை ஈர்க்கு, பாதியாக வெட்டிய ஐஸ் குச்சி 5, பூக்கட்டும் நூல் 4 மீட்டர், வெட்டிய பட்டத்தாள் துண்டுகள், சின்ன ஃபெவிகால் ட்யூப் ஒன்று. ஈர்க்கு புதுத் துடைப்பத்தின் அடிப்பாகமாக இருக்கட்டும். நுனி ஈர்க்கு வளைந்து கொடுத்து நட்சத்திரம் துவளும், ஒரு வருடப் பழையது ஒடியும். ஐஸ் குச்சியை வெட்டுவதும், அதன் இரு முனையிலும் ஈர்க்கு உட்காரச் சின்னதாக ஒரு குழி வெட்டுவதும் பெரியவர்கள் வேலை.

ஒவ்வொரு ஈர்க்கிலும் இரு முனையிலிருந்தும் 11.5 சென்டிமீட்டரில் பேனாவால் கோடு போடுங்கள். நடுவில் 7 மிஞ்சும். இந்த அளவு முக்கியம். ஐந்து ஈர்க்குகளைப் பென்சிலை எடுக்காமல் நட்சத்திரம் வரைவது போல வைத்தால், ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் சரியாக இந்தக் கோடுகளில்தான் விழும். ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாகப் பின்னி வைத்தால் கட்டாமலே பாதி நிற்கும். ஐந்து முனைகளிலும் முதலில் லேசாக முடிச்சிட்டு, கோடுகள் பொருந்துகின்றனவா என்று பார்த்தபின் இறுக்குங்கள். முதல் முனையையே இறுக்கிவிட்டால் ஒரு கால் நீண்டு போகும், பிறகு அவிழ்த்துத்தான் ஆக வேண்டும்.

இப்படி இரண்டு நட்சத்திரம். ஒன்றன் மேல் ஒன்றை வைத்து ஐந்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு நடுவில் ஈர்க்குகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும் மேலும் கீழும் விலக்கி அரை ஐஸ் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தினால் தட்டையாகக் கிடந்தது உப்பி எழும். பிள்ளைகள் கண் விரியும் இடம் இது. வரிசையாகச் செருகினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். ஒன்றைச் செருகியபின் அதற்கு எதிர்ப்பக்கம் உள்ளதைச் செருகுங்கள். ஐந்தும் நின்றபின் நூலால் கட்டிவிடுங்கள்.

மூடுவதற்கு முக்கோணம் பத்து, ஐங்கோணம் இரண்டு. முக்கோணத்துக்கு இரு பக்கம் 11.5, அடி 7 சென்டிமீட்டர். ஐங்கோணத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 7. சுற்றிலும் மடித்து ஒட்ட 1 சென்டிமீட்டர் கூட விடுங்கள். பக்கவாட்டை மூட வேண்டியதில்லை. முழு நட்சத்திரத்தையும் ஒரே தாளில் வெட்டினால் கால்கள் பின்னோக்கிச் சரியும் இடத்தில் சுருங்கிக் கிழியும், அதனால்தான் இத்தனை துண்டு. கிரேப் தாள் வாங்காதீர்கள். மழைச் சாரல் பட்டால் சாயம் ஒழுகிச் சுவர் பாழாகும்.

உங்கள் பிள்ளைகள் பழகுவதற்கு மைதா பசை போதும். இரண்டு மேசைக்கரண்டி மைதாவை ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அதன்பின் அடுப்பில் வைத்துக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிண்டுங்கள். சுடுதண்ணீரில் மாவைப் போட்டால் உருண்டை பிடிக்கும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலக்கும் பழைய வழக்கம் உண்டு. அது விஷம், பிள்ளைகள் கையாளும் பசையில் கூடவே கூடாது.

பொட்டலத்தில் விளக்கு வைக்க வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்திலேயே பட்டத்தாள் அழகாக இருக்கும். கடையில் கிடைக்கும் சின்ன விளக்குகளில் பொத்தான் பேட்டரி இருக்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அதை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. உங்கள் வீட்டு நட்சத்திரத்துக்கு எல்இடி மட்டும் போடுங்கள். பழைய "சீரோ வாட்ஸ்" குண்டு பல்பு பெயருக்குத்தான் சீரோ. தொட முடியாத அளவு சுடும், தாள் கருகும்.

ஆறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஈர்க்கு வேலை கை கூடாது. அவர்கள் இரண்டரைக்குப் பதினைந்து சென்டிமீட்டர் வண்ணத்தாள் பட்டைகள் வெட்டி, ஐம்பது ஐம்பதாக நூலில் கட்டட்டும். வளையம் வளையமாகக் கோத்துச் சங்கிலியாக்கலாம். எழுதத் தெரிந்த அண்ணன் அக்காமார் ஒவ்வொரு பட்டையிலும் ஒரு விடுகதையும் பின்பக்கம் விடையும் எழுதலாம். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வேண்டாம் என்று நினைக்கும் வீட்டுக்கும் இந்தச் சங்கிலி பொருந்தும்.

வேலை நடக்கும்போது "அவங்க வீட்ல ஏன் சாப்பாடு இல்ல?" என்று ஒரு பிள்ளை கேட்கும். "மழை பெய்யும்போது அந்த அப்பாவுக்கு வேலை இல்ல, வேலை இல்லாத அன்னைக்குக் கூலி இல்ல. ஸ்கூல் சாப்பாடும் இப்ப லீவு" என்று உள்ளதைச் சொல்லுங்கள். எலும்பும் தோலுமான குழந்தைப் படம் காட்டிப் பரிதாபம் ஊட்ட வேண்டாம். கொடுக்கும் இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகவும் வேண்டாம். அங்கே வரிசையில் நிற்பது அவர்களோடு பூங்காவில் விளையாடும் பிள்ளையாகவே இருக்கலாம்.

கொடுப்பது பள்ளி விட்டபின், பெற்றோர் கையில், ஓர் அறைக்குள். மேடை, பேனர், போட்டோ எதுவும் கூடாது. வர முடியாதவர் பையைச் சத்துணவு அக்கா வீட்டுக்கே எடுத்துப் போவார். ஆட்டோ செலவை நீங்கள் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவு கட்ட ஆளில்லை என்றால் இன்னொரு வழி: அந்தக் குடும்பங்கள் வழக்கமாக வாங்கும் தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் வீட்டுக்கு 1,200 ரூபாய் வீதம் கட்டிவிட்டு, அவர்கள் கணக்கில் வரவு வைக்கச் சொல்லுங்கள். வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். இதில் ஒன்றை முன்கூட்டியே பேச வேண்டும்: பழைய பாக்கி நோட்டில் இருந்தால் கடைக்காரர் அதில் கழித்துக்கொண்டு கையை விரித்துவிடுவார். பாக்கி வேறு, இது வேறு என்று தனிப் பக்கத்தில் எழுத வையுங்கள். வரும் கோடை விடுமுறைக்கும் இந்த முறைதான் ஏற்றது. அது பத்து நாள் ஓட்டை அல்ல, 40 நாளுக்கும் மேல். அத்தனை நாளைக்குப் பை கட்டினால் வெயிலில் பாதி வீணாகும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே கடைக்காரரிடம் பேசி, வாரம் 500 ரூபாய் என்று பிரித்துக் கட்டுங்கள். ஜனவரியில் பள்ளி திறந்ததும் அமைப்பாளரிடம் எது மிஞ்சியது, எது நான்கே நாளில் தீர்ந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்தத் தாளோடு போனால் கடைக்காரரிடம் எதை இருப்பு வைக்கச் சொல்வது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.